விண்ணரசியில் ஒரு தபசு காலம்

மார்ச் 18, சனி

இதை என் தையல் அளவு நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். முன்பக்கம் முழுக்க ஊர்ப் பெண்களின் தோளும் இடுப்பும். பின்பக்கமாவது எனக்கு இருக்கட்டும்.

கல்யாணமாகி இருபத்தேழு வருஷம் கழித்து, என் வீட்டுக்காரர் கஸ்பார் வேலை பார்க்கும் தோணியில் இன்று காலை முதன்முதலாக ஏறினேன். ஏறினேன் என்பது ஒரு மரியாதைக்கு. கரைக்கும் தோணிக்கும் நடுவே ஓர் அடி அகலத்தில் ஒரு பலகை. பாதிப் பலகையில் நின்றுகொண்டு மாதாவைக் கூப்பிட்டேன். மாதா வரவில்லை, டிரைவர் பலவேசம்தான் வந்தான். ஒரு கையில் என் தையல் மெஷினையும் மறு கையில் என்னையும் பிடித்து இறக்கினான். இரண்டில் மெஷினைத்தான் பத்திரமாகப் பிடித்தான்.

வீட்டில் தரையைப் பெயர்த்துக் கல் பதிக்கிறார்கள். கொத்தனார் பத்து நாள் என்றார். கொத்தனாரின் பத்து நாள் எத்தனை நாள் என்று தூத்துக்குடியில் எல்லோருக்கும் தெரியும். தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கலாம். மதுரையில் மகள் செரின் இருக்கிறாள், அங்கே போயிருக்கலாம். தோணியிலேயே இருந்துகொள்கிறேன் என்று நானாகத்தான் சொன்னேன். கஸ்பார் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி என்றார்.

தோணியின் பெயர் விண்ணரசி. மாலத்தீவுக்கு வெங்காயமும் சிமெண்டும் கொண்டுபோகிற மரத்தோணி. கஸ்பார்தான் இதற்குத் தண்டல், அதாவது கப்பலுக்குக் கேப்டன் மாதிரி. கியர் பெட்டி பழுதாகிக் கொச்சிக்குப் போயிருப்பதால் பழைய துறைமுகத்தில் கட்டிக்கிடக்கிறது. மற்ற ஆட்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். மிச்சம் தண்டல், எஞ்சின் ஓட்டும் டிரைவர் பலவேசம், சமைக்கிற பண்டாரி மீரான். இன்றிலிருந்து நான்.

மார்ச் 19, ஞாயிறு

பூசை முடிந்து வந்து எழுதுகிறேன். நேற்று எழுதாமல் விட்டதை எழுதிவிட வேண்டும்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். தபசு காலம் தொடங்குகிற சாம்பல் புதனன்று ஆளுக்கு ஒன்றை விடுவோம். ஒருவர் டீயை விடுவார், ஒருவர் டிவியை விடுவார். எதை விட்டோம் என்று ஈஸ்டர் என்கிற உயிர்ப்பு ஞாயிறு வரை சொல்லவும் கூடாது, அடுத்தவரைக் கேட்கவும் கூடாது. சொன்னால் பலன் போய்விடும் என்பது என் மாமியார் போட்டுவிட்டுப் போன சட்டம். நோட்டில் எழுதலாமா கூடாதா என்று அந்தச் சட்டத்தில் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் விட்டது ஒரு வாக்கியம். "கடலை விட்டுட்டு வாங்க."

அவர் கிளம்பும்போது அழுதுகொண்டு சொல்வேன். வந்து இறங்கும்போது சோறு போட்டுக்கொண்டு சொல்வேன். அவர் ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான் சொல்வார். "அடுத்த வருசம்." செரின் பிறந்தபோது அடுத்த வருஷம். அவள் முதல் நற்கருணை வாங்கிப் புதுநன்மை எடுத்தபோது அடுத்த வருஷம். அவள் கல்யாணத்துக்கு முந்தின நாள் வந்து இறங்கியபோதும் அடுத்த வருஷம்தான். சொல்லிச் சொல்லி என் வாயே எனக்கு அலுத்துவிட்டது. இந்த நாற்பது நாள் நான் வாயை மூடினால் கடவுளாவது அவரிடம் பேசுவார் என்று நினைத்தேன்.

சாம்பல் புதன் முடிந்து இரண்டு வாரத்தில் முதலாளி அவரைக் கூப்பிட்டார். புதுத்தோணி இறக்குகிறாராம், விண்ணரசியைவிடப் பெரியது. அதற்குத் தண்டலாகப் போனால் மங்களூரிலிருந்து ஓட்டம், வருஷத்தில் ஒரு மாதம்தான் ஊர். வேண்டாம் என்றால் கரையிலேயே இருந்து முதலாளியின் கிட்டங்கியை, அதாவது சரக்குக் கிடங்கை, பார்த்துக்கொள்ளலாம், இந்தத் தோணிக்கும் வேறு ஆள் வந்துவிடும். பங்குனி உத்திரத்துக்கு முதலாளி குலசாமி கோயிலுக்குப் போகிறார். அதற்குள் பதில் வேண்டுமாம்.

உத்திரம் ஏப்ரல் ஐந்து. உயிர்ப்பு ஏப்ரல் ஒன்பது. நாலு நாள் இடிக்கிறது. கடவுளிடம் கொடுத்த வார்த்தையை நாலு நாளுக்காக முறிப்பவள் இந்த ஜெசிந்தா இல்லை.

ஆனால் பக்கத்திலேயே இருக்கலாம் அல்லவா? இருக்கக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை.

மார்ச் 21, செவ்வாய்

தண்டல் அறையில் படுக்கை என்பது ஒரே ஒரு பலகை. ஓர் ஆள் ஒருக்களித்துப் படுக்கலாம். இரண்டு ஆள் படுக்க வேண்டுமானால் இரண்டு பேரும் ஒரே பக்கமாகத் திரும்ப வேண்டும். அதைப் பற்றி இங்கே எழுத வேண்டியதில்லை.

கழிப்பறை என்பது பின்பக்கம் கடலுக்கு மேலே தொங்கும் ஒரு மரப்பெட்டி. அதைப் பற்றியும் எழுத வேண்டியதில்லை. தினமும் இரண்டு வேளை தங்கச்சி வீட்டுக்கு ஆட்டோவில் போய் வருகிறேன். என் பாசத்தைப் பார்த்து அவள் உருகுகிறாள்.

மார்ச் 24, வெள்ளி

மீரானுக்கு இன்று நோன்பு ஆரம்பம். பலவேசம் உத்திரத்துக்குப் பால்குடம் எடுக்க மாலை போட்டிருக்கிறான், மீன் தொட மாட்டான். எங்களுக்குத் தபசு காலம், கறி கிடையாது. வெள்ளிக்கிழமையானால் மீனும் கிடையாது. இந்தத் தோணியில் பண்டாரிக்குச் சமைக்க ஆளில்லை. இருபது வருஷத்தில் இப்படி ஒரு நிம்மதியைப் பார்த்ததில்லை என்கிறான் மீரான்.

பொழுது இறங்கும் நேரத்தில் பள்ளிவாசல் பாங்கு தண்ணீர்மேல் மிதந்து வந்தது. மீரான் பேரீச்சம்பழத்தைக் கடித்துவிட்டு எல்லோருக்கும் நோன்புக்கஞ்சி ஊற்றினான். காற்று சிலுசிலுவென்று இருந்தது. பக்கத்துத் தோணிக்காரர்களும் சட்டியோடு வந்துவிட்டார்கள். பங்குனி வெயிலில் பகலெல்லாம் வெந்துகிடந்த பலகை, அந்த நேரத்தில் காலுக்கு இதமாக இருந்தது.

கஞ்சியைக் குடித்துக்கொண்டே கஸ்பார், மங்களூர் ஓட்டம் என்றால் பெருநாள் திருநாளுக்கெல்லாம் ஊருக்கு வர முடியாது என்றார். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கஞ்சி நல்லாயிருக்கு என்றேன். ஒரு சோதனை தாண்டியாயிற்று.

மார்ச் 25, சனி

மீரான் பெருநாள் சட்டை: நீளம் 29, தோள் 18. நோன்பில் இடுப்பு ஓர் இஞ்ச் குறையும். குறைத்து வெட்டக் கூடாது. பெருநாளன்று ஒரே நாளில் திரும்பி வந்துவிடும்.

மார்ச் 27, திங்கள்

சாயங்காலம் நடந்துவிட்டு வரலாம் என்று கூப்பிட்டார். இருபத்தேழு வருஷத்தில் இல்லாத அழைப்பு. பீச் ரோட்டில் நுங்கு வாங்கிக் கொடுத்தார். அப்படியே நடந்து முதலாளியின் கிட்டங்கி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். உள்ளே ஜன்னல் ஓரத்தைக் காட்டி, "இங்கனதான் ஒரு மேசை போட்டுக் குடுப்பாகளாம்" என்றார்.

காத்து வருமா என்று கேட்டேன். வரும் என்றார். இன்னும் ஏதோ கேட்பேன் என்பதுபோல் நின்றார். நான் நுங்கைத் தின்றேன்.

இரண்டாம் சோதனை. பாலைவனத்தில் ஆண்டவரையே சாத்தான் மூன்று தடவைதான் சோதித்தான். எனக்கு எத்தனை வைத்திருக்கிறானோ.

மார்ச் 29, புதன்

இந்த மனுஷன் எதை விட்டிருப்பார்? சர்க்கரை இல்லை, டீயில் மூன்று கரண்டி போடுகிறார். பீடியை விட்டு ஐந்து வருஷமாயிற்று. சாயந்தரம் ஒரு குட்டித்தூக்கம் போடுவார், அதுவும் நடக்கிறது. ஆனால் எதையோ விட்டிருக்கிறார். வாயெடுப்பார், மூடிக்கொள்வார். கேட்கவும் கூடாது. மாமியார் போய்ச் சேர்ந்த பிறகும் என்னை நிம்மதியாக இருக்க விடவில்லை.

மார்ச் 31, வெள்ளி

இன்று ஒன்றைப் பார்த்தேன். எழுதினால் எனக்கே பாதகம், இருந்தாலும் எழுதுகிறேன்.

வீட்டில் இவர் விருந்தாளி மாதிரி நடப்பார். தம்ளர் எங்கே, துண்டு எங்கே, இந்த ஸ்விட்ச் எதற்கு என்று கேட்டுக்கொண்டே இருப்பார். இங்கே கண்ணை மூடிக்கொண்டு நடக்கிறார். மத்தியானம் படுத்திருந்தவர் சட்டென்று எழுந்து முன்பக்கம் போய் ஒரு கயிற்றை இரண்டு விரல் தளர்த்திவிட்டு வந்து படுத்துக்கொண்டார். என்ன என்று கேட்டேன். "தண்ணி ஏறுது. கயிறு இழுக்குத சத்தம் கேக்கலயா?" என்றார். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

இப்படிப்பட்ட ஆளைப் பிடித்துக் கிட்டங்கி மேசையில் உட்காரவைக்க நான் யார் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. உடனே இன்னொன்றும் தோன்றியது. அந்தக் கயிற்றுக்குக் கிடைத்த கவனம் எனக்கும் கொஞ்சம் வேண்டும்.

ஏப்ரல் 2, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. ஓலையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் பவனி போனோம். எனக்கு முன்னால் போன பிள்ளை ஓலையால் என் மூக்கைக் குத்திக்கொண்டே வந்தது. ஓசன்னா பாடுகிற வாயால் பிள்ளையைத் திட்டவா முடியும்?

தோணிக்கு வந்ததும் கஸ்பார் ஓலையில் ஒரு சின்னச் சிலுவை முடைந்து சுக்கான் அறை வாசலில் செருகினார். பக்கத்தில் பலவேசத்தின் சாமி படம். அதற்கு மேலே மீரான் ஒட்டிய பிறை. மூன்று பேரும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறார்கள், எங்கள் பலகைப் படுக்கை மாதிரி.

பங்குச்சாமியார் ஆள் அனுப்பியிருந்தார். பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்குக்குப் பன்னிரண்டு சீடர்களில் ஒருவராக இந்த வருஷம் கஸ்பார். பன்னிரண்டு வெள்ளை அங்கிகளும் நான் தைக்க வேண்டும். நாலே நாள் இருக்கிறது. தோணி அசைய அசைய மெஷினை ஓட்டுகிறேன். யூதாசின் அங்கி கொஞ்சம் கோணலாகப் போய்விட்டது, பரவாயில்லை.

ஏப்ரல் 3, திங்கள்

மீரான் வெங்காயம் உரித்துக்கொண்டே தலையைத் தூக்காமல் கேட்டான். "மைனி, நீங்க வாய்க்குத்தான் நோன்பு புடிச்சிருக்கீகளோ?"

கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டேன். போன மாசி வரைக்கும் நான் பலகை ஓரத்தில் வந்து நின்று போட்ட சத்தம் மூன்று தோணிக்குக் கேட்குமாம். இப்போது அந்தப் பேச்சையே காணோமாம். பசித்தவனுக்குப் பசித்தவனின் முகம் தெரியும் என்றான். நான் குனிந்து கத்தரிக்கோலைத் தேடி எடுத்தேன். அவன் அடுத்த வெங்காயத்தை எடுத்தான்.

கட்டின புருஷனுக்குத் தெரியாதது பண்டாரிக்குத் தெரிகிறது.

ஏப்ரல் 5, புதன்

பங்குனி உத்திரம்.

விடிந்ததும் பலவேசம் குளித்துவிட்டு மஞ்சள் வேட்டியோடு வந்து நின்றான். அவனுக்கும் முதலாளிக்கும் ஒரே சாஸ்தா கோயில்தான் குலசாமி, முதலாளி வேனிலேயே போகிறான். நான் அங்கிக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். கஸ்பார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏளா, பலவேசம் கிளம்புதான்."

"பாத்துப் போகச் சொல்லுங்க."

"முதலாளிக்கு ஒரு பதில் சொல்லி விடணும்."

ஊசி விரலில் ஏறிவிட்டது. வலிக்கவில்லை. அவர் காத்துக்கொண்டிருந்தார், அது மட்டும் எனக்குத் தெரிந்தது. இன்னும் நாலு நாள் ஆண்டவரே, நாலே நாள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"உங்க இஷ்டம்" என்றேன்.

அவர் எழுந்து போனார். பலகை ஓரத்தில் நின்று பலவேசத்திடம், "முதலாளிகிட்ட மங்களூருக்குச் சரின்னு சொல்லிரு" என்று சொன்னது என் காதில் விழுந்தது. பலவேசம் என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனான்.

வெள்ளை அங்கியில் ஒரு சொட்டு ரத்தம். உப்புப் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. ஓரத்தை மடித்துத் தைத்து மறைத்துவிட்டேன். மத்தியானம் மீரானிடம் வெங்காயத்தை நான் உரிக்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். இரண்டு கிலோ உரித்தேன்.

ஏப்ரல் 6, பெரிய வியாழன்

சாயங்காலம் சாமியார் கழுவப்போகும் காலை மத்தியானமே கழுவி அனுப்புவதுதான் எங்கள் ஊர் வழக்கம். அழுக்குக் காலோடு போனால் சாமியாருக்கு வேலையிருக்கும், நமக்கு மானம் இருக்காது.

ஒரு வாளித் தண்ணீரும் சீயக்காயும் தேங்காய் நாருமாக உட்கார்ந்தேன். நாற்பது வருஷம் பலகையிலும் உப்பிலும் நடந்த கால். குதிகால் வெடிப்பில் தார் ஏறிக் கறுத்திருந்தது. வலது பெருவிரலில் நகம் இல்லை. எப்போது போனது என்று கேட்டேன். செரினுக்கு ஏழு வயசு இருக்கும்போது, மாலத்தீவில் சரக்கு இறக்குகையில் என்றார். பதினெட்டு வருஷமாக என் வீட்டுக்காரருக்கு ஒரு நகம் இல்லை. எனக்குத் தெரியாது.

தேய்க்கத் தேய்க்கத் தார் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. காலை மடியில் வைத்துத் துடைத்தேன். கண்ணீர் வந்தது, குனிந்துகொண்டேன்.

"ஜெசி, எதுவும் சொல்லணுமா?" என்றார்.

"அந்தக் குதிகாலைத் தூக்குங்க" என்றேன்.

கோயிலில் சாமியார் வரிசையாக வந்து அவர் காலில் தண்ணீர் ஊற்றி முத்தமிட்டார். பன்னிரண்டு சீடர்களில் அந்தக் கால்தான் சுத்தம். பெருமையாகத்தான் இருந்தது. இன்னும் மூன்று நாள்.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

உப்பில்லாக் கஞ்சி. பலவேசம் கோயிலிலிருந்து திரும்பிவிட்டான். என் கண்ணில் படாமல் எஞ்சின் குழிக்குள்ளேயே இருக்கிறான். முதலாளியிடம் சொல்லியிருப்பான். நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 8, சனி

வீட்டுத் தரை முடிந்துவிட்டதாம். கொத்தனார் போன் செய்தார். இன்னும் காயவில்லை என்று நானே அவருக்குச் சொன்னேன்.

ஏப்ரல் 9, உயிர்ப்பு ஞாயிறு

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

நடுராத்திரிப் பூசையில் உயிர்ப்பு மணி அடித்தபோதே விரதம் முடிந்தது. கூட்டத்தில் சொல்ல மனம் வரவில்லை. விடியட்டும் என்று இருந்தேன். காலையில் காப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். துறைமுகம் முழுக்கத் தண்ணீர் தகதகவென்று கிடந்தது. சொல்லவேண்டிய காரணங்களை வரிசையாக மனதில் அடுக்கி வைத்திருந்தேன். அவருடைய சர்க்கரை, மகளுக்குப் பிறக்கப்போகும் பிள்ளை, மங்களூர் மழை, இருபத்தேழு வருஷமாகச் சொன்னவை எல்லாம். வாயைத் திறந்தால் ஒன்றுகூட வரவில்லை. வேறு ஒன்றுதான் வந்தது.

"எனக்கு நீங்க வேணும். கடலை விட்டுட்டு வாங்க."

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். திரும்பியபோது கண் நிறைந்திருந்தது.

"இத இப்பச் சொல்லுதியேளா."

இதைத்தான் நான் தபசுக்கு விட்டிருந்தேன், அதனால்தான் கேட்கவில்லை என்றேன். அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்துவிட்டது.

"நான் எத விட்டேன்னு தெரியுமா? 'அடுத்த வருசம்'. அதத்தான் விட்டேன். சாமியார் நெத்தியில சாம்பல் பூசும்போது நினைச்சேன், இந்தத் தடவ இவ கேட்டான்னா சரின்னுருவோம்னு. நீ கேக்கவே இல்ல. மங்களூர்னேன், கஞ்சி நல்லாயிருக்குன்ன. மேசையக் காட்டினேன், காத்து வருமான்னு கேட்ட. சரி, இவளுக்கு ஆசை அத்துப்போச்சு போலன்னு நினைச்சேன்."

நீங்களாகவே சொல்லியிருக்கலாமே என்று சண்டைக்குப் போனேன்.

"நானாச் சொன்னா எனக்கு வயசாயிருச்சுன்னு அர்த்தம். நீ கேட்டு நான் சரின்னாத்தான் ஒனக்குப் பதில்" என்றார்.

கோயில் நாளில் சொல்லி அனுப்பிய வார்த்தையை எப்படித் திரும்ப வாங்குவது? முதலாளி மனுஷர்தான். ஆனால் சாமி சந்நிதியில் கேட்ட பதிலை மாற்றினால் அபசகுனம் என்பார். இந்த நாற்பது நாளை நினைத்தால் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. வாயை மூடினால் கடவுள் பேசுவார் என்று இருந்தேனே. அவரிடம் பேசச் சொல்லிக் கடவுள் என்னைத்தானே இங்கே அனுப்பியிருந்தார்.

அப்போது எஞ்சின் குழியிலிருந்து ஒரு தலை மேலே வந்தது. பலவேசம். மூக்கு நுனியில் கிரீஸ்.

"அண்ணாச்சி, நான் இன்னும் சொல்லல."

என்ன சொல்லலை என்றார் இவர்.

"முதலாளிகிட்ட. சரின்னு சொல்லச் சொன்னீகள்ல, அத. மாலை போட்டவனுக்கு மாலை போட்டவுகளத் தெரியாதா? மைனி ஏதோ விரதத்துல இருக்காகன்னு தெரிஞ்சுச்சு. அது முடியாம அவுக வீட்டுப் பதில நான் எப்படிக் கோயில் வாசல்ல போய்ச் சொல்லுவேன்? ஈஸ்டர் முடியட்டும், அண்ணாச்சியே வந்து சொல்லுவாகன்னு முதலாளிகிட்டச் சொல்லி வச்சிருக்கேன்."

அடுப்பங்கரையிலிருந்து மீரான், தனக்கும் தெரியும் என்றான். இருவரும் சேர்ந்துதான் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். நாலு பேர் இருக்கிற தோணியில் மாலை போட்டவனும் நோன்பு பிடித்தவனும் என்னைக் கண்டுபிடித்துவிட்டார்கள். என்னோடு ஒரே பலகையில் ஒரே பக்கமாகத் திரும்பிப் படுத்த, என்னைப் போலவே தபசு பிடித்த வேதக்காரர் ஒருத்தருக்குத்தான் தெரியவில்லை.

கஸ்பார் அப்போதே சட்டையை மாட்டிக்கொண்டு முதலாளி வீட்டுக்குக் கிளம்பினார். பலகையில் பாதி தூரம் போனவர் நின்று திரும்பினார்.

"ஏளா, இன்னொருக்கச் சொல்லு."

சொன்னேன். மூன்று தோணிக்குக் கேட்டிருக்கும்.

"சரி" என்றார்.

பலவேசத்துக்குக் கை நிறைய மக்ரூன் கொடுத்தேன். மீரான் பங்கைப் பொழுது இறங்கும்வரை டப்பாவில் மூடிவைத்தேன்.

ஏப்ரல் 14, வெள்ளி

சித்திரை ஒன்று. பலவேசம் சுக்கான் அறைக்கு மாவிலைத் தோரணம் கட்டினான். துறைமுகத்தில் தோணிக்குத் தோணி கொடி. முதலாளி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு புதுத்தோணிக்கு வேறு தண்டல் பார்த்துவிட்டார். கிட்டங்கி மேசை மே மாதத்திலிருந்து.

கியர் பெட்டி வந்து பூட்டியாகிவிட்டது. ஓட்டம் பார்ப்பதற்காகத் தோணியைத் துறைமுக வாய் வரைக்கும் கொண்டுபோனார்கள். என்னையும் வரச் சொன்னார். முதல் அலை வந்து தூக்கியதும் தேங்காய்ச் சாதம் முழுவதையும் கடலுக்குக் கொடுத்துவிட்டேன். இதைத்தானா இந்த மனுஷன் நாற்பது வருஷம் விரும்பினார் என்று தோன்றியது. பிறகு தலையைத் தூக்கிப் பார்த்தேன். ஊர் முழுக்கக் கோடு மாதிரித் தெரிந்தது, நடுவில் பனிமய மாதா கோயில் கோபுரம் மட்டும் வெள்ளையாக. ஒவ்வொரு தடவையும் கிளம்பும்போது அவர் கடைசியாகப் பார்த்தது இதைத்தான். அந்தக் கோபுரத்தின் அடியில் நின்று நான் அழுதுகொண்டிருப்பேன். எனக்கு அது புரியாமலே இத்தனை வருஷம் போயிற்று.

திரும்பும்போது விண்ணரசிக்கு வந்திருக்கும் புதுத் தண்டலிடம் சுக்கானைக் கொடுத்தார். கொடுத்த பிறகும் கை கொஞ்ச நேரம் அதன்மேலேயே இருந்தது. நான் போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். வாந்தி எடுத்த முகத்தோடுதான். எதற்காக என்னிடம் வருகிறார், எதை விட்டுவிட்டு வருகிறார் என்று எனக்கு இப்போது தெரியும்.

ஏப்ரல் 22, சனி

பெருநாள். தோணியில் கடைசி நாள். மீரான் இருபத்தொன்பது நாளாகச் சமைக்காமல் விட்டதையெல்லாம் சேர்த்து இன்று சமைத்துவிட்டான். ஒருவருக்கும் ஒரு விரதமும் இல்லை. பிரியாணியை நாலு தோணிக்காரர்கள் வந்து சாப்பிட்டார்கள். சட்டை மீரானுக்குக் கச்சிதமாக இருந்தது, சாப்பிடும் வரைக்கும்.

பலகையில் இறங்கும்போது ஒருவர் கையையும் பிடிக்கவில்லை. பலவேசம் மெஷினை மட்டும் தூக்கி வந்தான். குருத்தோலைச் சிலுவையை அங்கேயே விட்டுவிட்டோம்.

ஏப்ரல் 26, புதன்

புதுத் தரை வழுவழுவென்று இருக்கிறது, ஆனால் அசைய மாட்டேன் என்கிறது. இரண்டு பேருக்கும் தூக்கம் வரவில்லை. இவ்வளவு அகலமான கட்டிலில் இரண்டு பேரும் ஒரே பக்கமாகத் திரும்பி ஓரத்திலேயே படுத்திருக்கிறோம்.

காலையில் துண்டு எங்கே என்று கேட்டார். இந்த ஸ்விட்ச் எதற்கு என்று கேட்டார். சொன்னேன். இனி ஒரு தடவை சொன்னால் போதும்.

மாடியில் துணி காயப்போடக் கொடிக்கயிறு அறுந்து கிடக்கிறது. ஊரிலேயே நன்றாக முடிச்சுப் போடத் தெரிந்த மனுஷன் வீட்டில் இருக்கிறாரே என்று கட்டச் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "நாளைக்கு" என்றார்.

நாளைக்கு. இருபத்தேழு வருஷத்தில் இந்த மனுஷன் எனக்குக் கொடுத்த தவணைகளிலேயே இதுதான் சின்னது.